மிச்ச மெழுகை உருக்கித் திரும்பப் பயன்படுத்தலாமா? நூல் மெழுகு, ஓர மெழுகு, காய்ந்த பாலிஷ்

நூல்கண்டு, 4 மார்ச் 2023

செருப்புப் பட்டறைப் பெட்டியில மிச்ச மெழுகு ஒரு கிலோவுக்கு மேல சேர்ந்திருக்கு. விரல்நுனி அளவுத் தேன்மெழுகுத் துண்டு, மெழுகுவத்திக் கட்டை, சோல் ஓரத்துக்குத் தேய்க்கிற கறுப்புக் கட்டியோட அடிமிச்சம், காய்ஞ்சு வெடிச்ச பாலிஷ் டப்பா. எல்லாமே மெழுகுதானே, ஒரே சட்டியில உருக்கி நூலுக்குத் தேய்க்கிற கட்டியா ஊத்திக்கலாம்னு நினைக்கிறேன். கொஞ்சம் ரோசின் (பைன் மரப் பிசின்) போட்டா பிடிப்பும் வந்துடும். சரியா? அளவு சொல்லுங்க.

குத்தூசி, 4 மார்ச் 2023

ஒரே சட்டி வேண்டாம் தம்பி. நீங்க சொன்ன நாலும் நாலு வேலைக்கான சரக்கு.

நூலுக்குத் தேய்க்கும் மெழுகு ஒட்டவேண்டும். நூலை இழுக்கும்போது உரசலில் சூடேறி, மெழுகு இளகிப் புரிகளுக்கு நடுவே இறங்கி, ஆறியதும் புரிகளைச் சேர்த்துக் கட்டுகிறது. குத்தின ஓட்டைக்குள் தையல் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது, தண்ணீர் ஏறாமலும் காக்கிறது. மெழுகுவத்தி பெரும்பாலும் பாரஃபின், வழுக்கும். அதைக் கலந்த மெழுகு தேய்த்த நூலில் ஒரு தையல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் வரிசையாகத் தளரும். தேன்மெழுகு மட்டும் இருந்தால் அறுந்த இடத்தோடு நின்றுவிடும்.

கறுப்புக் கட்டியில் கார்னோபா இருக்கும். பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து எடுப்பது, 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64. கை உரசல் சூட்டில் கார்னோபா இளகாது, நூல்மேல் பொடியாக உதிரும். ஓரத்துக்கு அந்தக் கடினம் வேண்டும், நூலுக்கு அது கேடு.

பாலிஷ் டப்பாவை அடுப்பில் வைக்கவே கூடாது. காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே டர்பன்டைன் வகைக் கரைப்பான் மிச்சம் இருக்கும், ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும்.

நூல்கண்டு, 5 மார்ச் 2023

சரி, பிரிச்சு வைக்கிறேன். ஆனா எது தேன்மெழுகு, எது பாரஃபின்னு எப்படித் தெரியும்? பழுப்பா இருக்கிற துண்டுகள்ல பாதி எங்கிருந்து வந்ததுன்னே தெரியல.

அடித்தோல், 5 மார்ச் 2023

நிறத்தை நம்பவேண்டாம். சாயம் போட்ட பாரஃபினும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

முதலில் விரல் சோதனை. பட்டாணி அளவு கிள்ளி உள்ளங்கைச் சூட்டில் பிசையவும். தேன்மெழுகு இளகி ஒரே உருண்டையாகும், நீட்டினால் கொஞ்சம் நீளும், லேசாகக் கையில் பிடிக்கும். பாரஃபின் முதலில் பொருபொருவென்று உடையும், பிறகு சோப்பு தடவியதுபோல வழுக்கும். நகத்தால் கீறினால் பாரஃபினில் வெள்ளைச் செதில் எழும்.

கலப்படம் பாதியளவு என்றால் விரல் ஏமாறும். அதற்கு ஸ்பிரிட் சோதனை இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர். உறுதியாகச் சுத்தமான தேன்மெழுகுத் துண்டு ஒன்றைப் போடுங்கள், மிதக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். துண்டு மேலேயும் போகாமல் அடியிலும் உட்காராமல் நடுவில் நிற்கும் நிலை வரும், அங்கே நிறுத்துங்கள். இப்போது சந்தேகத் துண்டைப் போடுங்கள். தேன்மெழுகின் அடர்த்தி 0.96 பக்கம், பாரஃபின் 0.90 பக்கம். பாரஃபின் கலந்தது மேலே வந்து மிதக்கும். துண்டில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் தப்பான விடை வரும், விரலால் துடைத்துவிட்டுப் போடவும். அடுப்பு எரியும் இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

குத்தூசி, 6 மார்ச் 2023

மேலே உள்ள சோதனைக்கு ஒரு திருத்தம். பழைய நூல் மெழுகுத் துண்டுகளில் ரோசின் இருக்கும். ரோசின் தண்ணீரைவிடக் கனம், 1.07 பக்கம். பாரஃபினும் ரோசினும் சேர்ந்த துண்டு இரண்டுக்கும் நடுவில் வந்து தேன்மெழுகு போலவே நிற்கும். ஆகவே ஸ்பிரிட் சோதனை ரோசின் வாசனை இல்லாத துண்டுகளுக்கு மட்டும். ரோசின் இருக்கிறதா என்று அறிய, துண்டை உரசி மோந்து பாருங்கள், பைன் மர வாசனை வரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி எடுத்தால் சட்டென்று பிரியாது. அப்படிப்பட்ட துண்டுகளைத் தனியாக வைத்தால் அப்படியே நூல் மெழுகாகத் திரும்பலாம், சோதனை எதற்கு.

டப்பா, 6 மார்ச் 2023

வாசனை மெழுகுவத்தி, கேக் மெழுகுவத்தி எதுவும் தோலுக்கு ஆகாது. அதிலுள்ள வாசனை எண்ணெய் மெழுகை இளக்கும், சாயம் வெளிர்த் தோலில் இறங்கி நிற்கும். துடைத்தாலும் போகாது.

நூல்கண்டு, 11 மார்ச் 2023

பிரிச்சாச்சு. தேன்மெழுகு சுமார் 350 கிராம், ரோசின் வாசனை உள்ளது ஒரு கைப்பிடி, கறுப்புக் கட்டி 200 கிராம், மிச்சம் மெழுகுவத்தி. தேன்மெழுகுல நூல் பிசிறு, தோல் தூள், மண்ணு எல்லாம் ஒட்டியிருக்கு. துணியில வடிகட்டினா போதுமா?

குத்தூசி, 11 மார்ச் 2023

முதலில் தண்ணீரில் கழுவி உருக்கவேண்டும், வடிகட்டல் அதற்குப் பிறகு. வரிசை இது.

மழைத்தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் எடுங்கள். உப்புத்தண்ணீர்ப் போர்வெல் வேண்டாம். தேன்மெழுகில் இயல்பாகவே கொழுப்பு அமிலம் உண்டு, அது கடினநீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து சோப்புப் போல ஆகி, மெழுகு சாம்பல் நிறத்தில் நுரைத்துப் போய்ப் பிரியாமல் நிற்கும். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் விடுங்கள்.

எவர்சில்வர் பாத்திரம்தான். இரும்பும் செம்பும் பித்தளையும் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். மெழுகின் அளவுக்கு இரண்டு மடங்கு தண்ணீர், அதற்குள் மெழுகு. தண்ணீர் கொதிக்கக் கூடாது, சுமார் 75 முதல் 80 டிகிரி, பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழ் ஏறும் நிலை. கொதித்தால் அழுக்கும் மெழுகும் மறுபடி கலந்துவிடும். முழுக்க உருகினதும் மெதுவாக ஒருமுறை கிளறி, அடுப்பை அணைத்து, பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

ஆறுவது எவ்வளவு மெதுவோ அவ்வளவு சுத்தம். மணல் தண்ணீரின் அடிக்குப் போய்விடும். காலையில் மெழுகு வட்டாக மேலே நிற்கும், ஓரம் சுருங்கித் தானாகக் கழன்று வரும். வட்டின் அடிப்பக்கத்தில் பழுப்புச் சேறு படிந்திருக்கும், அதைக் கத்தியால் நல்ல மெழுகு தெரியும்வரை சுரண்டி எறியுங்கள்.

பிறகுதான் வடிகட்டல். வட்டை உடைத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து அதில் தண்ணீர் இல்லாமல் உருக்கி, பழைய வேட்டித் துணியில் ஒற்றை மடிப்பாக வடிக்கவும். துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்துகொண்டால் மெழுகு துணியிலேயே உறையாது. ஆனால் சொட்டச் சொட்ட வைக்காதீர்கள், ஈரம் மெழுகுக்குள் சிக்கினால் கட்டியில் ஓட்டை விழும்.

அடித்தோல், 12 மார்ச் 2023

மணல் விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். அரைக்கும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த மெழுகில் எமரித் துகள் இருக்கும். நூலில் அந்தத் துகள் ஏறினால் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளிருந்தே புரியை அறுக்கும். தையல் போடும்போது தெரியாது, சில மாதம் நடந்த பிறகு வெல்ட் (மேல் தோலையும் சோலையும் சேர்க்கும் தோல் பட்டை) ஓரத்தில் நூல் பஞ்சாகித் தெறிக்கும்.

கழுவின மெழுகில் ஒரு சொட்டை வேண்டாத கண்ணாடித் துண்டின்மேல் விட்டு, இளகியிருக்கும்போதே கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். கீறல் சத்தமோ கோடோ வந்தால் அந்தத் தொகுப்பை இன்னொரு தடவை கழுவுங்கள். இரண்டாம் தடவையும் வந்தால் நூலுக்கு வேண்டாம்.

இரும்புத் தூளும் அப்படியே. ஆணி அராவின தூள் மெழுகில் இருந்து, அது தாவரப் பதனீட்டுத் தோலில் ஈரத்தோடு பட்டால், தோலிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்புப் புள்ளி போடும். வெளிர் பழுப்புச் செருப்பில் அது அழியாத கறை. உருகின மெழுகுக்குள் எவர்சில்வர் கரண்டியால் கிளறும்போது, பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தைப் பிடித்து மெல்ல ஓரமாக இழுத்துவாருங்கள். தூள் அங்கே சேரும். இந்தச் சோதனைக்கு முன் அந்தக் காந்தம் பாத்திரத்திலேயே ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில எவர்சில்வரில் ஒட்டும், அப்போது பலன் இல்லை. காந்தத்தைக் கெட்டியான பாலித்தீனில் சுற்றி உள்ளேயே விட்டு எடுக்கலாம்.

சூட்டிரும்பு, 12 மார்ச் 2023

பாலித்தீன் 80 டிகிரி மெழுகில் இளகும். காந்தத்தைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்துக்குள் வைத்து மெழுகுமேல் அமிழ்த்தினால் போதும்.

அடித்தோல், 12 மார்ச் 2023

ஆமாம், கிண்ணம்தான் சரி. பாலித்தீனை விட்டுவிடுங்கள்.

நூல்கண்டு, 19 மார்ச் 2023

கழுவி வடிச்சாச்சு, நல்ல மஞ்சள். இப்ப ரோசின் அளவு?

குத்தூசி, 19 மார்ச் 2023

100 கிராம் தேன்மெழுகுக்கு 50 கிராம் ரோசினில் ஆரம்பியுங்கள். சால்டரிங் சாமான் விற்கும் கடையில் தேன் நிறத்தில் கட்டியாகக் கிடைப்பது பைன் மர ரோசின். நாட்டுமருந்துக் கடைக் குங்கிலியம் வேறு மரத்துப் பிசின், அதை நம்பி இந்த அளவைப் போடவேண்டாம். அது நூலில் பொரிந்து உதிரும்.

ரோசினை மாவு போல இடித்துக்கொள்ளுங்கள். மெழுகு முழுக்க உருகின பிறகு சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கிளறவேண்டும். கொதிநீர்ச் சூட்டில் ரோசின் கெட்டிப் பாகாகத்தான் இருக்கும், மெழுகில் கரைய நேரம் எடுக்கும். மொத்தமாகக் கொட்டினால் அடியில் கட்டிதட்டி ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு நேரடி நெருப்பில் வைப்பவர்கள் உண்டு, புகை வந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். ரோசின் புகை மூச்சுக்குழலுக்கு ஆகாது, தொடர்ந்து இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தெளிந்ததும் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்துக் கிள்ளிப் பாருங்கள். பொடிந்தால் நாலைந்து சொட்டு எண்ணெய், விரலைவிட்டுப் போகாமல் இழுபட்டால் இன்னும் கொஞ்சம் தேன்மெழுகு. விளக்கெண்ணெய் எடுங்கள், தேங்காயெண்ணெய் வேண்டாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்கு மேல் தண்ணீராக ஓடும், நூலிலிருந்து தோலுக்கு இறங்கித் தையலைச் சுற்றி எண்ணெய் வளையம் போடும்.

பிறகு முழுவதையும் ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் எடுத்து, ஈரக்கையோடு இழுத்து மடித்து இழுத்து மடித்துப் பிசையவும். நிறம் வெளுத்து ஒரே சீராகும். அதற்குமேல் உருண்டை பிடித்து, தோல் துண்டில் பொதிந்து வையுங்கள். தோலோடு பிடித்தே நூலை இழுக்கலாம், கையில் ஒட்டாது.

டப்பா, 20 மார்ச் 2023

ரோசின் வேண்டாம், தேன்மெழுகு மட்டும் போதும் என்பது என் கட்சி. இன்றைக்கு முக்கால்வாசி பேர் தைப்பது நைலான் நூலில்.

குத்தூசி, 20 மார்ச் 2023

நைலானுக்கு ஒப்புக்கொள்கிறேன். அதன் இழைகளுக்குள் மெழுகு இறங்காது, மேலே ஒரு படலமாக நிற்கும், அவ்வளவுதான். அதற்குத் தேன்மெழுகு போதும், அதுவும் ஒரே ஒரு இழுப்பு. லினன், பருத்தி நூலைப் புரிசேர்த்து முறுக்கித் தைப்பவர்களுக்கு ரோசின் இல்லாமல் புரி பிரியும்.

நைலான் நூல்முனையை லைட்டரால் பொசுக்கும்போது மெழுகு தேய்த்த நீளத்தில் நெருப்பு ஓடும். முனையில் 2 மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டிவிட்டுப் பொசுக்குங்கள்.

அடித்தோல், 20 மார்ச் 2023

சிங்கர் 29கே மாதிரி ஒட்டுத்தையல் மிஷினில் ரோசின் மெழுகு நூலைப் போடவே கூடாது. நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே படிந்து கெட்டியாகி, நூல் விட்டு விட்டு இழுபடும். மேல் தையல் இறுகி அடித்தையல் தொங்கினால் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள், முதலில் தட்டைக் கழற்றிப் பாருங்கள். படிந்த ரோசினை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து எடுத்துவிட்டு, தட்டைக் காயவைத்துப் பூட்டவும். அடிநூல் ஓடும் ஷட்டிலிலும் அதே பிசுக்கு இருக்கும்.

நூல்கண்டு, 2 ஏப்ரல் 2023

உருண்டை பிடிச்சாச்சு, புரி நல்லா சேருது. ஆனா நூல் தோலுக்குள்ள போறப்போ ஓட்டை வாயில மெழுகு வளையமா ஒதுங்குது. மேல் தோல்ல ஒட்டித் தூசி பிடிக்குது.

குத்தூசி, 2 ஏப்ரல் 2023

மெழுகு அதிகம். மூன்று இழுப்புக்கு மேல் வேண்டாம். மெழுகு ஏற்றின பிறகு நூலை ஒரு முரட்டுத் தோல் துண்டுக்கு நடுவே மடித்துப் பிடித்து, சூடு தெரியும்வரை வேகமாக நாலைந்து முறை இழுங்கள். மேலே நிற்கும் மெழுகு உள்ளே இறங்கும், மீதி தோல் துண்டில் தங்கும். அந்தத் தோல் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த நூலுக்கு முதல் இழுப்பு அதிலேயே ஆகிவிடும்.

ஒதுங்கின வளையத்தை உடனே சுரண்டினால் தோல் கீறும். ஆறவிட்டு மரக்குச்சியால் தட்டி எடுங்கள்.

சூட்டிரும்பு, 9 ஏப்ரல் 2023

கறுப்புக் கட்டி 200 கிராம் என்று சொன்னீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை. மிச்சத்திலேயே விலை கூடினது அதுதான்.

அதைக் கழுவிச் சுத்தப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். கறுப்பு என்பது கரித்தூள், கழுவினால் மெழுகிலிருந்து பிரியாது. கறுப்பைக் கறுப்போடும் பழுப்பைப் பழுப்போடும் மட்டும் சேருங்கள். துண்டுகளின் மேற்பரப்பைக் கத்தியால் ஒரு சுற்றுச் சீவி, ஒட்டியிருக்கும் தோல்தூளை எடுத்துவிட்டு உருக்கவும். கொதிநீர்ப் பாத்திரம்தான், ஆனால் இங்கே தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கவேண்டும். கார்னோபா 86 வரை கேட்கும், தண்ணீர் சும்மா சூடாக இருந்தால் அது திப்பித்திப்பியாக நிற்கும்.

உருகினதும் கையை எடுக்காமல் கிளறுங்கள், இல்லாவிட்டால் கரித்தூள் அடியில் தங்கும். கொஞ்சம் கெட்டிப்படத் தொடங்கும்போது ஊற்றவும். அச்சுக்கு அரை அங்குல பிவிசி குழாயை 8 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, நெடுக்கில் ஒரு வெட்டு விட்டு, வெளியே நூலால் கட்டி, உள்ளே சோப்புத்தண்ணீர் தடவினால் போதும். ஆறும்போது நடுவில் குழி விழும், மெழுகின் சுருக்கம் அது. கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்து இரண்டாம் ஊற்று ஊற்றுங்கள். ஆறினதும் கட்டை அவிழ்த்தால் குழாய் விரியும், குச்சி வெளியே வரும்.

தேன்மெழுகு தவறிக் கலந்து கட்டி இளகலாக வந்தால், கார்னோபாச் செதில் 5 சதவீதம் சேருங்கள். கொஞ்சம் சேர்த்தாலே உருகுநிலை நன்றாக ஏறும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் ஓரத்தில் பூசும்போது நொறுங்கும்.

நூல்கண்டு, 9 ஏப்ரல் 2023

புதுக் குச்சியை ஓரத்துல எப்படிப் போடறது? நான் அடுப்புல உருக்கி பிரஷ்ஷால தடவலாம்னு பார்த்தேன்.

சூட்டிரும்பு, 10 ஏப்ரல் 2023

பிரஷ்ஷால் தடவினால் தடிப்பாக உறைந்து, மடியும் இடத்தில் செதிலாகப் பெயரும். மெழுகு ஓரத்துக்குள் இறங்கவேண்டும், மேலே நிற்கக் கூடாது.

ஓரத்தை அரத்தால் சமன் செய்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் 120, 220, 400 என்று வரிசையாகப் போடவும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நார் எழும்பும், காய்ந்ததும் மறுபடி 400. பிறகு சாயம். சாயம் முழுக்கக் காயவேண்டும், இதில் அவசரம் ஆகாது. தாவரப் பதனீட்டுத் தோல் ஈரமாக இருக்கும்போது 75 டிகிரி பக்கமே சுருங்கத் தொடங்கிவிடும். ஈர ஓரத்தில் சூட்டிரும்பு பட்டால் ஓரம் கருகி, ஓடு போலக் கடினமாகி, வளையும் இடத்தில் வெடிக்கும். காய்ந்த தோல் அந்தச் சூட்டைத் தாங்கும்.

காய்ந்த ஓரத்தில் குச்சியை அழுத்தித் தேய்த்து, அதன்மேல் சூடான இரும்பை நிறுத்தாமல் ஓட்டவும். சூடு சரியா என்று பார்க்க இரும்பைக் குச்சியில் வையுங்கள். மெழுகு உடனே இளகவேண்டும், புகையக் கூடாது. இரும்பில் எச்சில் பட்டுச் சீறினால் சூடு அதிகம். கடைசியாக முரட்டுத் துணியால் வேகமாகத் தேய்த்தால் மினுமினுப்பு எழும்.

ரப்பர் சோலுக்கும் டிபிஆர் (சூட்டில் இளகும் செயற்கை ரப்பர்) சோலுக்கும் இது எதுவும் பொருந்தாது. மெழுகு இறங்க நார் இல்லை, இரும்பு பட்டால் சோல்தான் உருகும்.

அடித்தோல், 10 ஏப்ரல் 2023

இதோடு ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும். மெழுகுப் பலகையும் சொல்யூஷன் பலகையும் தனித்தனியாக இருக்கட்டும். சோல் ஒட்டும் சொல்யூஷனுக்கு மெழுகு பரம எதிரி. ஒட்டவேண்டிய முகத்தில் கைரேகை அளவு மெழுகு பட்டாலும் அந்த இடம் பிடிக்காது, அங்கிருந்துதான் சோல் வாய் பிளக்கும். மெழுகு பிசைந்த கையோடு சோலைத் தொடாதீர்கள். பழைய சோலைப் பிரித்து மறுபடி ஒட்டும்போது, பழைய நூல் மெழுகு தோலில் ஊறியிருக்கும் கோட்டைக் கரைப்பான் துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். ஒவ்வொரு முறையும் துணியின் புதுப்பக்கத்தால் துடைக்கவேண்டும், பழைய பக்கம் மெழுகைப் பரப்பத்தான் செய்யும். பிறகு உப்புத்தாளால் முரடாக்கி, தூள் தட்டி, அதற்கப்புறம் சொல்யூஷன்.

வேலை வரிசை எப்போதும் ஒட்டு முதலில், தையல் அடுத்து, ஓர மெழுகு கடைசி.

குத்தூசி, 14 மே 2023

மார்ச்சில் தேன்மெழுகு 2-க்கு ரோசின் 1 என்று எழுதினேன். கத்திரி வெயிலுக்கு அந்த அளவு மாறவேண்டும். வேலூர், ஆம்பூர் பக்கம் பகலில் 40 டிகிரிக்குப் போகும்போது, தகரக் கூரைக்குக் கீழே அந்த உருண்டை குழைந்துவிடும். 100 கிராமுக்கு 35 கிராம் ரோசின் போதும், எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். ரோசினைக் கூட்டினால் கெட்டியாகும் என்று சிலர் சொல்வது, கீலும் (பைன் மரத்திலிருந்து வடிக்கும் கறுப்புத் தார்) ரோசினும் எண்ணெயும் கலந்த மேல்நாட்டு மெழுகுக்குச் சரி. அங்கே கோடையில் எண்ணெயைக் குறைத்து ரோசினைக் கூட்டுவார்கள். நம்முடைய தேன்மெழுகுக் கலவையில் வெயிலுக்கு ரோசின் கூடினால் ஒட்டல்தான் கூடும்.

கீல் கிடைக்கவில்லை என்று ரோடு தாரைச் சேர்க்கும் யோசனை அவ்வப்போது வருகிறது. வேண்டாம். வெயிலில் கசியும், தையல் ஓட்டைவழி மேலே வந்து சாக்ஸ் வரை கறையாகும்.

டப்பா, 21 மே 2023

காய்ந்த பாலிஷ் டப்பாக்கள் கடைசிவரை பெட்டியிலேயே இருக்கின்றன போலிருக்கிறது. அவற்றுக்கு அடுப்பே வேண்டாம்.

ஒரே நிறத்து உடைசல்களை ஒரு டப்பாவில் சேர்த்து நெருக்கி, டர்பன்டைன் பத்துச் சொட்டு விட்டு, மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மூடியைத் திறந்து, அடுப்பிலிருந்து இறக்கி வேறு இடத்துக்குக் கொண்டுவந்த வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை மிதக்கவிட்டால் இளகிச் சேரும். மூடி போட்ட டப்பாவைச் சூடாக்கக் கூடாது. மண்ணெண்ணெய் விட்டால் நாற்றம் நிற்கும், காயவும் நேரமாகும். பெட்ரோல் சீக்கிரம் பறந்துவிடும், அபாயமும் அதிகம்.

இன்னொன்று. ஷூவின் முனைப்பகுதியில் கண்ணாடி போலப் பளபளப்பு ஏற்றக் காய்ந்த பாலிஷ்தான் நல்லது, கரைப்பான் குறைவாக இருப்பதால் மெழுகு சீக்கிரம் அடுக்கும். துணியில் கொஞ்சம் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுச் சின்ன வட்டமாகத் தேய்க்கவேண்டும். மடியும் இடத்தில் போடாதீர்கள், முதல் நடையிலேயே வெடிக்கும்.

கிரீம் பாலிஷ் இதில் சேராது. அது தண்ணீரும் மெழுகும் கலந்த பால்மம். காய்ந்து பிரிந்தால் சூட்டில் மறுபடி சேராது, எறிந்துவிடுங்கள்.

நூல்கண்டு, 21 மே 2023

மிச்சம் மெழுகுவத்தி மட்டும்தான். அரை கிலோ.

அடித்தோல், 22 மே 2023

பாரஃபினின் வழுக்கலே தேவைப்படும் இடங்கள் உண்டு. குத்தூசி முனையைத் தடித்த சோலில் இறக்கும் முன் மெழுகுவத்திக் கட்டையில் ஒரு குத்து, உள்ளே போவதும் வெளியே வருவதும் இலேசாகும். பூட்ஸ் ஜிப் இறுகினால் இரண்டு பக்கப் பல்லிலும் வெள்ளைக் கட்டையைத் தேய்த்து, பத்துத் தடவை ஏற்றி இறக்கி, உதிர்ந்ததைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் ராம்பி (தோல் சீவும் கத்தி), உளி, கத்தி அலகுகளில் மெல்லிசாகத் தேய்த்து வைத்தால் துரு ஏறாது. ஆனால் அந்தக் கத்தியால் சோல் சீவும் முன் அலகைத் துடைத்துவிடவேண்டும், சொல்யூஷன் பற்றிச் சொன்னதுதான் காரணம்.

சூட்டிரும்பு, 22 மே 2023

உருக்கும் எல்லோருக்கும். அடுப்பருகே ஒரு தட்டமும் ஒரு டப்பா மணலும் இருக்கட்டும். மெழுகு பற்றினால் தட்டத்தால் மூடி அடுப்பை அணையுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது அடியில் போய் ஆவியாகி, எரியும் மெழுகைக் கூரைவரை தெறிக்கும். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைக்கும்.

நூல்கண்டு, 26 நவம்பர் 2023

ஏப்ரல்ல ஓர மெழுகு போட்டு, மேல் தோலுக்கும் தேன்மெழுகு கலந்த களிம்பு தடவின ஒரு ஜோடி திரும்பி வந்திருக்கு. மேல முழுக்க வெள்ளையாப் படிஞ்சிருக்கு. பூஞ்சையா, மெழுகு கெட்டுப்போச்சா?

டப்பா, 26 நவம்பர் 2023

ஹேர் டிரையரைக் காட்டுங்கள். மறைந்தால் மெழுகுப் பூப்பு, தேன்மெழுகு குளிரில் மேலே வந்து மாவு போலப் படிவது. கேடு இல்லை, சூடுகாட்டித் துணியால் துடைத்தால் போதும். சூட்டில் மறையாமல், மோந்தால் ஈர நாற்றம் வந்து, திட்டுத்திட்டாக இருந்தால் பூஞ்சை.

நூல்கண்டு, 27 நவம்பர் 2023

வலது கால் சூட்டில் முழுக்க மறைஞ்சுது. இடது குதிகால் உள்பக்கம் மட்டும் திட்டாவே நிக்குது.

குத்தூசி, 27 நவம்பர் 2023

அப்படியானால் இரண்டும் இருக்கிறது. இடதைத் திறந்த வெளியில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த துணியால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். அந்த பிரஷ்ஷை மற்ற ஜோடிக்குப் போடாதீர்கள். அந்தத் தோலில் பட்ட மெழுகுக் கட்டியையும் மிச்சப் பெட்டிக்குள் திருப்பிப் போடவேண்டாம், மேல் அடுக்கைச் சீவி எறிந்துவிட்டுத் தனியாக வையுங்கள். களிம்பில் எண்ணெய் எவ்வளவு போட்டீர்கள்?

நூல்கண்டு, 27 நவம்பர் 2023

மெழுகு 1, விளக்கெண்ணெய் 4.

குத்தூசி, 28 நவம்பர் 2023

எண்ணெய் அதிகம். பிசுக்கு நிற்கும் தோலில் தூசி ஒட்டும், ஈரக்காலத்தில் அந்தத் தூசியில் பூஞ்சை பிடிக்கும். அடுத்த தொகுப்புக்கு 1-க்கு 2 வைத்து, தடவின அரைமணியில் மேலே நிற்பதைத் துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள்.